மொட்டைமாடியில் ஊதா செர்ரி தக்காளி: சில வருட அனுபவம்

ஊதா தக்காளி விதை வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் பாக்கெட்டில் இருக்கும் படத்தைப் பாருங்கள். நறுக்கிய பழத்தின் சதையும் கருநீலமாக இருப்பதுபோல் படம் போட்டிருந்தால் அதை வாங்க வேண்டாம். சதை முழுக்க ஊதாவாக வரும் தக்காளி, இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் கேத்தி மார்ட்டின் குழுவினர் ஸ்நாப்டிராகன் பூச்செடியின் மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கியது. அமெரிக்காவிலேயே 2024-ல்தான் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு அதன் விதை கிடைத்தது. இந்தியாவில் மரபணு மாற்றத் தக்காளிக்கு அனுமதியே கிடையாது. ஆக, அந்தப் படத்தைப் போட்டு இங்கே விற்கிறவர் வேறு எதையோ விற்கிறார். எனக்கு அப்படி வந்த ஒரு பாக்கெட்டில் முளைத்தது சாதாரண நாட்டுத் தக்காளி. ரசத்துக்கு நன்றாகவே இருந்தது, அது வேறு விஷயம்.

மரபணு மாற்றம் இல்லாமலே கிடைப்பவற்றில் நான் சில வருடங்களாகத் தொடர்ந்து வளர்ப்பது இரண்டு ரகம். ஒன்று இண்டிகோ ரோஸ். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் காட்டுத் தக்காளி இனங்களோடு மகரந்தக் கலப்பு செய்து, 2012-ல் வெளியிட்டது. செர்ரியைவிடக் கொஞ்சம் பெரியது. இன்னொன்று பிளாக் செர்ரி. உருண்டையாக, பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம்.

இரண்டுக்கும் நிறம் வரும் வழியே வேறு. பிளாக் செர்ரியில் பழுத்த பிறகும் பச்சையம் போகாமல் சிவப்போடு கலந்து நிற்பதால் அந்த இருண்ட நிறம். இண்டிகோ ரோஸில் இருப்பது அந்தோசயனின். கத்தரிக்காய்த் தோலிலும் நாவல்பழத்திலும் இருக்கும் அதே பொருள். அது தோலில் மட்டும்தான், அதுவும் வெயில் படும் இடத்தில் மட்டும்தான் சேரும். பழத்தின் காம்பிதழ் மூடியிருந்த இடத்தில் நட்சத்திர வடிவில் ஊதா இல்லாமல் இருக்கும். இலை மறைத்த பக்கம் வெளிறிக் கிடக்கும். சென்னையில் மாடித்தோட்டம் என்றாலே பச்சை நிழல்வலை கட்டிவிடுகிறார்கள். அதன் கீழ் இண்டிகோ ரோஸை வைத்தால் ஊதா சரியாக ஏறாது.

வெயில் வேண்டும், ஆனால் சூடு கூடாது. சென்னையில் இதுதான் சிக்கலே. இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியில் மகரந்தம் பலவீனமாகி, பூ கொத்துக் கொத்தாக வந்து அப்படியே உதிர்ந்துவிடும். நம் ஊரில் இரவு அப்படிக் குளிர்வது மார்கழியிலும் தையிலும், கொஞ்சம் மாசியிலும்தான். அந்த மாதங்களில் செடி பூவோடு நிற்க வேண்டும். உரம், மண், ரகம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை இதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். ஆடியில் விதைத்தால் புரட்டாசிப் புழுக்கத்தில் பூக்கும், தப்பிப் பிடித்த காயும் ஐப்பசி மழையில் வெடிக்கும்.

அதனால் நான் விதைப்பது அக்டோபர் கடைசியில், மழை படாத பால்கனியில், குழித்தட்டில். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சரிபாதி. ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரத்தில் பெரிய பைக்கு மாற்றலாம். ஆனால் அது புயல் காலம். 2023-ல் மிக்ஜாம் வந்தது டிசம்பர் முதல் வாரம்தான். எனவே வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு, தேவையானால் நாற்றை இன்னும் பத்து நாள் உள்ளேயே வைத்திருப்பேன். தண்டு கொஞ்சம் நீண்டுபோனாலும் கவலை இல்லை. தக்காளித் தண்டை மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்தால் அங்கிருந்தும் வேர் விடும்.

பை 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பிளாக் செர்ரி நிற்காமல் வளரும் கொடிவகை, ஆளுயரம் சாதாரணமாகத் தாண்டும். இண்டிகோ ரோஸும் பெரிதாகவே வளரும். கடைகளில் விற்கும் பச்சை பிளாஸ்டிக் குச்சி எல்லாம் கடற்காற்றுக்குத் தாங்காது. சவுக்குக் கொம்பு நட்டு, பழைய பருத்திப் புடவைக் கிழிசலால் தளர்வாகக் கட்டுகிறேன்.

தண்ணீரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எங்கள் பகுதி போர்வெல் தண்ணீர் உப்பு. அதையே ஊற்றினால் இலை ஓரம் கருகும், மண் மேல் வெள்ளை படியும். மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ கொடுத்தால் செடியில் தெரியும் வித்தியாசமே வேறு. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. தக்காளிக்கு வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்.

பூச்சிகளில் வெள்ளை ஈ ஒன்றுதான் உண்மையான எதிரி. அது கொண்டுவரும் இலைச்சுருட்டல் வைரஸ் ஒரு செடிக்கு வந்துவிட்டால் மருந்து கிடையாது. பிடுங்கி, பையில் கட்டி, குப்பையில் போட வேண்டியதுதான். வருவதற்கு முன் மஞ்சள் ஒட்டுப்பொறி, வாரம் ஒருமுறை சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து இலையின் அடிப்பக்கம் தெளிப்பது. அடிப்பக்கம் முக்கியம், ஈ உட்காருவது அங்கேதான். இண்டிகோ ரோஸுக்கு இந்த நோய் என் மாடியில் அடிக்கடி வந்தது. பிளாக் செர்ரி ஓரளவு சமாளித்தது.

அணிலுக்கு நிறம் பொருட்டே இல்லை. கல்யாண வீடுகளில் பரிசு போட்டுக் கொடுக்கும் மெல்லிய வலைப்பைகளைச் சேர்த்து வைத்துக் கொத்துக் கொத்தாக மாட்டிவிடுகிறேன். ஒளி உள்ளே போவதால் நிறமும் கெடுவதில்லை.

எப்போது பறிப்பது என்பதில் இண்டிகோ ரோஸ் நன்றாக ஏமாற்றும். பிஞ்சிலேயே மேல்பக்கம் கறுத்துவிடுவதால் பழுத்துவிட்டது என்று எல்லோரும் கை வைப்பார்கள். என் மாமியார், "பழுத்துச்சா இல்லையான்னு இதுகிட்டயேதான் கேக்கணும்" என்பார். அடிப்பக்கம் பச்சை போய்ச் சிவந்திருக்க வேண்டும், தோலின் பளபளப்பும் மங்கியிருக்க வேண்டும். பங்குனி கடைசியில் அந்தச் சிவப்பும் சரியாக வராது. 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாததால் அடிப்பக்கம் ஆரஞ்சிலேயே நின்றுவிடும்.

ருசி? உள்ளதைச் சொல்கிறேன். இண்டிகோ ரோஸ் பார்க்கத்தான் அழகு. புளிப்பு கொஞ்சம், இனிப்பு அதைவிடக் குறைவு, தோல் தடிப்பு. சமைத்தால் ஊதாவும் காணாமல் போகும். பிளாக் செர்ரியில் இனிப்பும் புளிப்பும் சரியாகச் சேர்ந்திருக்கும். செடியிலிருந்து பறித்து நின்ற இடத்திலேயே தின்பதற்கு இதைப்போல் வேறு தக்காளி நான் வளர்த்ததில்லை. சமையலுக்கு என்று எண்ணி இரண்டையும் வளர்க்காதீர்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்களே, அப்போது என் மாடியில் ஒரு பழம்கூட இல்லை. அந்தப் பருவத்தில் இருக்கவும் இருக்காது. இப்போது பெரும்பாலான பைகளில் பிளாக் செர்ரி, வருகிறவர்களுக்குக் காட்ட ஒரே ஒரு இண்டிகோ ரோஸ்.

விதைக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டியதில்லை. இரண்டுமே வீரிய ஒட்டு ரகம் அல்ல. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் அதிகம் கலப்பதில்லை. நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு நாள் புளிக்க விட்டால் விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு கரைந்துவிடும். கழுவி நிழலில் உலர்த்தி, காகித உறையில் பெயர் எழுதி, மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சென்னை ஈரப்பதத்தில் அலமாரியில் வைத்த விதை அடுத்த ஐப்பசி வரை தாங்குவது சந்தேகம்.