குழப்பும் குடல் பயாப்ஸி: முதலில் டீப்பரா, இம்யூனோவா?

எச் அண்ட் ஈ (வழக்கமான சாயம்) ஸ்லைடைப் பார்த்து முடிவுக்கு வர முடியாத இரைப்பை, குடல் பயாப்ஸிக்கு அடுத்து எதைக் கேட்பது? பிளாக்கை, அதாவது திசு பதித்த மெழுகுக் கட்டியை, இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்கும் டீப்பரா, குறிப்பிட்ட புரதங்களை ஆன்டிபாடி வைத்துச் சாயமேற்றிக் காட்டும் இம்யூனோவா? நான் பெரும்பாலும் டீப்பர் பக்கம்தான். செலவு குறைவு, சீக்கிரம் வரும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, விட்டுவிடலாம்.

பல கேஸ்களில் சிக்கலே வெட்டுக் கோணத்தில்தான். சளிப்படலம் சாய்வாக வெட்டுப்பட்டால் சுரப்பிகளின் அடிப்பகுதி மட்டும் தெரியும். அங்கே உட்கருக்கள் இயல்பாகவே கருத்து நெருக்கியடித்து நிற்கும், பார்த்தால் டிஸ்பிளேசியா (புற்றுக்கு முந்தைய செல் மாற்றம்) மாதிரியே இருக்கும். மேலே போகப் போக செல்கள் முதிர்கின்றனவா என்று பார்க்க மேற்பரப்பு வேண்டும், அது பல நேரம் அடுத்த லெவலில் (ஆழமான வெட்டில்) வந்து நிற்கும். சிக்மாய்டில் (பெருங்குடலின் கடைசி வளைவில்) காம்புள்ள பாலிப் ஒன்றில் சுரப்பிகள் சளிப்படலத்துக்கு அடியிலுள்ள சப்மியூகோசாவுக்குள் இறங்கியிருந்தாலும் இதே கதை. புற்றின் ஊடுருவலா, வெறும் இடப்பெயர்வா? இடப்பெயர்வைக் காட்டும்படி லாமினா ப்ராப்ரியா (சுரப்பிகளைச் சுற்றிய இணைப்புத் திசு) கூடவே இறங்கியிருக்கிறதா, ஹீமோசிடரின் (பழைய ரத்தக்கசிவின் இரும்புத் தடயம்) உண்டா, இல்லை ஊடுருவலைக் காட்டும் டெஸ்மோபிளாசியா (புற்றைச் சுற்றி வளரும் நார்த்திசு) இருக்கிறதா என்பதைக் கூடுதல் வெட்டுகளில்தான் தேட வேண்டும். நம்பி கையெழுத்துப் போடும்படியான ஒற்றை இம்யூனோ இதற்குக் கிடையாது.

ஆனால் டீப்பருக்கு ஒரு விலை உண்டு: திசு. ஃபோர்செப்ஸ் துண்டே 2-3 மில்லிமீட்டர். ஒரு வெட்டு 3-4 மைக்ரான்தான் என்றாலும், பிளாக்கை மறுபடி மைக்ரோடோமில் பொருத்தும்போதெல்லாம் முகத்தைச் சமப்படுத்தவே கொஞ்சம் சீவ வேண்டியிருக்கும். இன்று டீப்பர், நாளை இம்யூனோ, புற்று என்று உறுதியானதும் சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும் ஹெர்2, எம்எம்ஆர் சோதனைகள் என்று தவணை முறையில் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் பிளாக்கில் மெழுகுதான் மிஞ்சும். அதனால் டீப்பர் கேட்கும்போதே, லெவல்களுக்கு நடுவே வரும் ரிப்பனை (தொடராக வரும் வெட்டுகளை) எறியாமல் இம்யூனோவுக்கு உரிய ஸ்லைடுகளில் சாயமிடாமல் எடுத்து வைக்கச் சொல்லிவிடுகிறேன். அதில் பல பயன்படாமலே போகும், டெக்னீஷியன் முணுமுணுப்பார், பரவாயில்லை.

இம்யூனோ முந்த வேண்டிய இடமும் உண்டு. இரைப்பையில் சந்தேகத்துக்குரிய சிக்னெட் ரிங் செல்கள் (சளி நிரம்பி உட்கரு ஓரமாக ஒதுங்கிய புற்றுச் செல்கள்) நாலைந்துதான் என்றால் ஆழமாக வெட்டினால் அவை காணாமலே போகலாம். சளியை விழுங்கிய மேக்ரோஃபேஜும் (விழுங்கும் பாதுகாப்புச் செல்) அப்படியே வேஷம் போடும், சளியைக் காட்டும் பிஏஎஸ் சாயம் இரண்டிலும் ஏறும். புற்றுச் செல்லில் ஏறும் சைட்டோகெராட்டினும் மேக்ரோஃபேஜில் ஏறும் சிடி68ம்தான் பிரித்துக் காட்டும். ஸ்பிண்டில் செல் (நீண்ட கதிர் வடிவச் செல்) கட்டிக்கு, ஜிஸ்ட் என்ற கட்டியை அடையாளம் காட்டும் சிடி117, டாக்1 இல்லாமல் பேச்சே இல்லை.

பாரெட்டில் (உணவுக்குழாயின் அடிப்பகுதிப் படலம் குடல் போல மாறும் நிலையில்) டிஸ்பிளேசியாவைக் கண்டுபிடிக்க பி53 இம்யூனோ நன்றாகக் கைகொடுக்கிறது. அளவுக்கு மீறி ஏறினாலும் சரி, அடியோடு மறைந்தாலும் சரி, இரண்டும் கோளாறுதான். அழற்சிக் குடல் நோயில் நான் அதைப் போட்டுப் பார்த்த கேஸ்கள் குறைவு, அடித்துச் சொல்ல மாட்டேன். அப்புறம், பாரெட்டில் டிஸ்பிளேசியா என்று எழுதும் முன் குடல் நோயியலில் அனுபவமுள்ள இன்னொருவரும் ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பி53 எவ்வளவு அழகாக ஏறியிருந்தாலும் அதைத் தவிர்க்க முடியாது.