பின் டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால்…

பழைய புரோட்டோன் வீரா, இஸ்வாரா கார் ஓட்டும் பினாங்கு நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். தீவுப் பக்கம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் என்னிடம் 1,400 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, சின்னக் கசிவு மட்டுமே இருந்த பின் பிரேக்கைக் கழற்றிவிட்டுக் குப்பையை மாட்டி அனுப்பினார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை.

காடி 1999 வீரா 1.5, பின்னால் டிரம்; அதாவது சக்கரத்தோடு சுழலும் கிண்ணத்துக்குள் ஷூக்கள் விரிந்து பிடிக்கும் வகை. இடது பின் டயரின் உள்பக்கம் ஈரம் தெரிந்தது. பிரேக் எண்ணெயும் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. வீல் பம்ப் கசிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். டிரம்முக்குள் இருக்கும் அந்தச் சின்ன சிலிண்டரின் ரப்பர் கெட்டால் எண்ணெய் கசிந்து பிரேக் ஷூவில் ஊறும். ஊறிய ஷூ பிடிக்காது. இரண்டு பக்கமும் வீல் பம்ப், ஷூ மாற்றி, லைனில் காற்று எடுத்தால் வேலை முடிந்தது.

கடைக்காரர் டிரம்மைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. “அண்ணே, இந்தக் காலத்துல யாரு டிரம் வச்சிருக்கா? பூத்ரா டிஸ்க் செட் ஒண்ணு பொத்தோங் கடையிலேர்ந்து வந்திருக்கு. மாட்டினா கப்புனு நிக்கும் லா.” பூத்ராவும் புரோட்டோன் கார்தான்; பொத்தோங் கடை என்றால் பழைய வண்டிகளை வெட்டிப் பாகம் விற்கும் கடை. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டு; அதை இரண்டு பக்கமும் பேட் அழுத்திப் பிடிக்கும். கேபிள், வால்வு எல்லாம் சேர்த்துத்தான் இந்த விலை என்று வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். சரி என்றேன்.

டிஸ்க் மாற்றுவதே ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. மலையிறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது டிஸ்க் சீக்கிரம் சூடு ஆறும். ஆனால் பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்னால் சாய்ந்துவிடுவதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுடையது. பின்னால் டிஸ்க் போட்டதால் மட்டும் நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. ஹேண்ட்பிரேக்குக்கோ டிரம்தான் கெட்டி; சக்கரம் உருளப் பார்த்தால் ஷூவையும் சேர்த்து இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் டிரம் கணக்குக்கு அமைந்தது. அது பொருந்தாவிட்டால் பின் பிரேக் சும்மா பேருக்கு இருக்கும், இல்லையென்றால் மழையில் பின் சக்கரம் முதலில் இறுகி வண்டி சுற்றிவிடும். இதையெல்லாம் சொல்லி விற்றால் அது வியாபாரம்.

வண்டி கைக்கு வந்தபோதே பெடல் ஆழமாகப் போனது. “புது பேட், ஓட ஓடச் சரியாயிடும்” என்றார்கள். பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலையில் பாலிக் புலாவ் போகும்போது, மேட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்தும் காடி பின்னால் நகர்ந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பம். கால் பிரேக்கை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த போர்மேன் (மெக்கானிக்) ஒருவர் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்க டிஸ்க், அதன் மேலேயே அச்சடித்திருக்கும் குறைந்தபட்ச கனத்துக்கும் கீழே தேய்ந்திருந்தது. இடது பேட் ஒரு பிராண்ட், வலது பேட் வேறு. ஹேண்ட்பிரேக் கேபிள் என்னுடைய பழைய டிரம் கேபிளேதான். முனை சரியாக உட்காராததால் கம்பி போட்டு முறுக்கி, மேலே பிளாஸ்டிக் கேபிள் டை கட்டியிருந்தார்கள். வால்வில் இருந்த பழைய அழுக்குகூடக் கலையவில்லை. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர்தான் மோசம். அந்த வகையில் ஹேண்ட்பிரேக் அமைப்பு பிஸ்டனுக்குள்ளேயே இருப்பதால் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். கடைக்காரர்கள் ஜி-கிளாம்ப் என்ற இறுக்கும் கருவியை வைத்து நசுக்கியிருக்கிறார்கள். தழும்பு அப்படியே தெரிந்தது. போர்மேன் அதிகம் பேசாதவர். டார்ச்சை என் கையில் கொடுத்து, “நீங்களே பாருங்க” என்றார். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பப் போய்க் கேட்டால், செகண்ட்ஹேண்ட் சாமானுக்கு வாரண்டி இல்லையாம். என் பழைய டிரம்களைக் கேட்டேன். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சாம்! பில்லில் “ரியர் பிரேக்” என்று ஒரே வரி.

இப்போது திரும்பவும் டிரம்முக்கே மாற்றியாகிவிட்டது. வீல் பம்ப், ஷூ, ஸ்பிரிங் செட் எல்லாம் புதிது. டிரம் மட்டும் செகண்ட்ஹேண்ட். உள்விட்டத்தை அளந்து, டிரம்மில் போட்டிருக்கும் அதிகபட்ச அளவுக்குள் இருப்பதைப் பார்த்த பிறகே போர்மேன் மாட்டினார். 1,400 வெள்ளியில் கால்பங்குகூட ஆகவில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். மனுப் படிவத்துக்குக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. பில் ஒரே வரியில் இருந்தாலும் அந்த வாட்ஸ்அப் செய்தியும் படங்களும் கைவசம் இருக்கின்றன. அதே மாதிரி பூத்ரா செட் மாட்டிக்கொண்டு ஹேண்ட்பிரேக் பிடிக்காமல் திண்டாடுகிறவர்கள் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே கடைதானா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.