பூச்சி ஜீனோமுக்கு டிரான்ஸ்போசான் லைப்ரரி: ரிப்பீட்மாடலர்2 நல்லதா, ஈடிடிஏ நல்லதா?

பூச்சி ஜீனோமில் டிரான்ஸ்போசான்களை (இடம் மாறித் தாவும் டிஎன்ஏ துண்டுகள்) தேடி வகைப்படுத்தி, அவற்றின் மாதிரி வரிசைத் தொகுப்பான லைப்ரரியைக் கட்ட உட்காருபவருக்குப் பெரும்பாலும் இரண்டு நிரல்கள்தான்: 2019இல் வெளியான ஈடிடிஏ, 2020இல் வெளியான ரிப்பீட்மாடலர்2. கொசு, பழ ஈ மாதிரி ஜீனோம்களுக்கு என் ஓட்டு இரண்டாவதற்கே.

நிறுவுவதில் பெரிய வித்தியாசமில்லை. எல்டிஆர் வகையிலும் (இரு முனையிலும் ஒரே நீண்ட வரிசை கொண்டவை) ஏறக்குறைய சமம்தான். எல்டிஆர்ஸ்ட்ரக்ட் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் ஈடிடிஏ போலவே ரிப்பீட்மாடலரும் எல்டிஆர்_ரிட்ரீவர் நிரலைத்தான் கூப்பிடுகிறது. அது தானாக ஓடாது, மறக்காமல் கொடுக்க வேண்டும்.

வித்தியாசம் தெரிவது அதற்குப் பிறகு, கையால் திருத்தும் வேலையில். ஈடிடிஏ நெல் ஜீனோமை உரைகல்லாக வைத்து உருவானது. முனைகளில் தலைகீழ் மறுவரிசை (டிஐஆர்) கொண்டவற்றைத் தேட அதிலுள்ள டிஐஆர்-லேர்னருக்குத் தெரிந்தது ஐந்து மேற்குடும்பங்கள்: ஹாட், காக்டா, ஹார்பிஞ்சர், மியூட்டேட்டர், டிசி1-மரினர். பூச்சிகளில் முக்கியமான பிக்கிபேக்கும் பி எலிமென்ட்டும் பட்டியலிலேயே இல்லை. பி எலிமென்ட் செருகும் இடத்தில் ஜீனோமின் 8 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) இரட்டிக்கும், ஹாட்டும் அப்படித்தான். ஆகவே ஹாட் என்று முத்திரை விழுந்ததை உடனே நம்பாமல், தாவலை நடத்தும் டிரான்ஸ்போசேஸ் புரதங்களோடு பிளாஸ்ட்எக்ஸ் (டிஎன்ஏவை மொழிபெயர்த்துப் புரதங்களோடு ஒப்பிடும் நிரல்) ஓட்டிப் பாருங்கள்.

ஆர்என்ஏ வழியாகத் தன்னைப் பிரதியெடுக்கும் லைன் வகையில் சிக்கல் இன்னும் ஆழம். ஜாக்கி, ஆர்1 போன்றவற்றுக்கு முனைகளில் எல்டிஆரோ தலைகீழ் மறுவரிசையோ கிடையாது. அமைப்பைப் பார்த்துத் தேடும் நிரல்களுக்குப் பிடிமானம் குறைவு. சென்சிட்டிவ் விருப்பத்தைக் கொடுத்தால், ஈடிடிஏ முதலில் தன் எல்டிஆர், டிஐஆர், ஹெலிட்ரான் (இன்னொரு டிரான்ஸ்போசான் வகை) கண்டுபிடிப்புகளை மறைத்துவிட்டு, மிச்சத்தை ரிப்பீட்மாடலரிடம் கொடுக்கிறது. முதல் கட்டத்தில் தவறாகப் பிடித்த டிஐஆர் ஒன்று உண்மையான லைனின் நடுவில் உட்கார்ந்திருந்தால், அந்த லைன் துண்டாகத்தான் வெளியே வரும்.

ரிப்பீட்மாடலரின் தலைவலி வேறு: "அன்னோன்" என்று குவியும் வரிசைகள். அதன் வகைப்படுத்தி ஏற்கெனவே தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டுத்தான் பெயர் வைக்கும், புரதமே இல்லாத குட்டி டிரான்ஸ்போசான்களான மைட்டுகள் அதில் நழுவிவிடும். ஆனால் இது சரிசெய்யக்கூடிய குறை. ஒரு குடும்பத்தின் பொது வரிசையான கன்சென்சஸை ஜீனோமோடு பிளாஸ்ட்என் (டிஎன்ஏ ஒப்பீடு) செய்து, அதன் நீளத்தில் பாதிக்கு மேல் பொருந்தும் 20 முதல் 50 பிரதிகளை எடுங்கள். இருபுறமும் 1,000 முதல் 2,000 பேஸ் நீட்டி, வரிசைகளை ஒப்பிட்டு அடுக்கும் மாஃப்ட் நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். ஒற்றுமை சட்டென்று கலையும் இடம்தான் உண்மையான முனை. இரு முனையிலும் டிடிஏஏ இருந்து, உள்ளே சிசிசி என்று தொடங்கி ஜிஜிஜி என்று முடிந்தால் பெரும்பாலும் பிக்கிபேக் வகை. டிஏ மட்டும் இரட்டித்திருந்தால் மரினர் பக்கம் தேடுங்கள். நீட்டிய பகுதியிலும் ஒற்றுமை கலையவில்லையா? இன்னும் நீட்டுங்கள். அப்போதும் கலையாவிட்டால் அது டிரான்ஸ்போசானே இல்லாமல், இரட்டித்த குரோமோசோம் துண்டாகவோ சாட்டிலைட்டாகவோ (அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் வரிசை) இருக்கலாம்.

லைனுக்கு இன்னொரு கவனம் வேண்டும். பெரும்பாலான பிரதிகள் 5' பக்கம் (தொடக்க முனை) வெட்டுண்டவை. 3' முனையில் அடுக்கு கனமாகவும் 5' பக்கம் போகப்போக மெலிந்தும் தெரியும். ஆகவே நீளமான பிரதிகளைத் தனியே பிரித்து 5' பகுதியைக் கட்ட வேண்டும். ஒரே ஜாக்கியின் தலை "அன்னோன்" என்றும் வால் "லைன்" என்றும் இரண்டு பதிவுகளாக வருவது சகஜம்.

ஈடிடிஏ ஒரு விஷயத்தில் முந்துகிறது: சிடிஎஸ் கோப்பை (புரதத்தைக் குறிக்கும் மரபணு வரிசைகள்) கொடுத்தால் மரபணு வரிசைகளை அதுவே களையும். ரிப்பீட்மாடலரில் அந்த வசதி இல்லை. பூச்சிகளில் சைட்டோகுரோம் பி450, மணமுணரி ஏற்பி போன்ற பெருங்குடும்பங்கள் லைப்ரரிக்குள் நுழைந்துவிடும். டிரான்ஸ்போசான் புரதங்களை நீக்கிய புரதத்தொகுப்போடு பிளாஸ்ட்எக்ஸ் ஓட்டி அவற்றை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் மரபணு முன்கணிப்பில் அவையெல்லாம் மறைந்துபோகும்.

இந்தத் தீர்ப்பு சுமார் 200 மெகாபேஸிலிருந்து ஏடிஸ் எஜிப்டியின் 1.25 கிகாபேஸ் வரையிலான ஜீனோம்களுக்கு. வெட்டுக்கிளியின் 6 கிகாபேஸுக்கும் மேற்பட்ட ஜீனோமுக்கு இதே உறுதியோடு சொல்லமாட்டேன். ரிப்பீட்மாடலர் மாதிரி எடுத்துத்தான் தேடுகிறது, பிரதி குறைந்த குடும்பங்கள் தப்பிவிடலாம்.

இரண்டையும் ஓட்டி லைப்ரரிகளை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். ஒரே டிசி1-மரினர் வகைக்கு ஈடிடிஏவில் பெயர் டிஎன்ஏ/டிடிடி, ரிப்பீட்மாடலரில் டிஎன்ஏ/டிசிமார். முதலில் பெயர்களை ஒரே முறைக்குக் கொண்டுவந்து, பிறகு ஒத்த வரிசைகளைத் தொகுக்கும் சிடி-ஹிட்-ஈஎஸ்டியில் ஒற்றுமை 0.8, குறுகிய வரிசையில் பொருந்தும் பரப்பு 0.8 என்று வைத்து இணையுங்கள்.