வேலூரில் வாரக்கணக்கில் ரூம் எடுக்கப் போகிறவர்களுக்கு: முதல் நாளே மாசப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்

அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். ரேடியேஷன் 33 சிட்டிங், அதற்கு முன் தலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் மாஸ்க் செய்யவும் ஸ்கேன் எடுக்கவும் நாலைந்து நாள், ஆக மொத்தம் ஏழு வாரத்துக்கு மேல் வேலூரிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது 2025 ஏப்ரல் கடைசியில். வாரத்தில் ஐந்து நாள் சிட்டிங் என்பதால் ஈரோட்டுக்குப் போய்ப் போய் வர முடியாது. அவசர அவசரமாக ரூம் தேடினேன். அந்த அவசரத்தில் நான் செய்த தவறு வேறு யாருக்கும் நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே லாட்ஜுக்குப் பஞ்சமே இல்லை. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளியை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். போர்டுகூட வங்காள எழுத்தில் இருக்கும். சமையல் வசதியோடு ரூம் கிடைப்பது அந்த ஊரின் பெரிய ஆறுதல். நல்ல மனசோடு நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு முதலில் வாய்த்த இடம் அப்படி இல்லை.

போனில் பேசியபோது, "மாசக் கணக்குன்னா நாளுக்கு 600 ரூபா சார், ஏசி, கிச்சன், கேஸ் எல்லாம் சேர்த்து. லிப்ட் இருக்கு" என்றார் மேனேஜர். வாட்ஸ்அப்பில் மூன்று போட்டோ அனுப்பினார். நல்ல வெளிச்சமான அறை, மேற்கத்திய கழிப்பறை. "சீசன் டைம் சார், இப்பவே போட்டாத்தான் ரூம் நிக்கும்" என்றதும் 30 நாள் வாடகை 18,000, டெபாசிட் 5,000, மொத்தம் 23,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. பேசியது முழுக்க வாயால்தான்.

விடியற்காலை காட்பாடியில் இறங்கி அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். போட்டோவில் காட்டிய ரூம் இல்லை. "அதுல இருக்கிறவங்க நாளைக்குக் காலி பண்றாங்க, ஒரு நாள் மேல இருங்க" என்று மூன்றாவது மாடியில் ஒரு அறையைக் கொடுத்தார்கள். லிப்டில் "ரிப்பேர்" என்று அட்டை தொங்கியது. சாயங்காலம் சரியாகிவிடும் என்றார்கள். நாங்கள் அங்கே இருந்த 19 நாளும் அந்த அட்டை இறங்கவில்லை, கீழ் ரூமும் வரவில்லை. ரெஜிஸ்டரில் எழுதும்போது அக்காவின் அசல் ஆதார் கார்டை வாங்கி டிராயருக்குள் வைத்துக்கொண்டார்கள், காலி செய்யும்போது தருவதாகச் சொன்னார்கள். அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். முதல் எட்டு எண்களை மறைத்த ஆதார் நகலை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் அதையே கொடுக்கலாம்.

பணத்தைவிட எனக்கு ஆறாதது அந்தப் படிக்கட்டு. முதல் வாரம் அம்மா எப்படியோ ஏறினார். சிட்டிங் ஏழு, எட்டு ஆனபோது வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கவே கண்ணில் தண்ணீர் வந்தது. சாப்பாடு இறங்காததால் உடம்பில் தெம்பு இல்லை. மே மாத வேலூர் வெயிலில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, ஒவ்வொரு மாடி வளைவிலும் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். "நீ முன்னால போ கண்ணு, நான் மெதுவா வர்றேன்" என்பார். அந்தக் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்ற அவர் கை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

சமையல் வசதிக்காகத்தான் அந்த இடத்தையே பிடித்தோம். இந்த வைத்தியத்தில் ஓட்டல் சாப்பாடு ஆகாது. காரமில்லாமல் குழைய வடித்த சாதம், ராகிக் கஞ்சி, மசித்த பருப்பு, இவ்வளவுதான் தொண்டைக்குள் போகும், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. பத்தாம் நாள் சிலிண்டர் தீர்ந்தது. "கேஸ் உங்க செலவு சார்" என்றார்கள். கேட்டால், சேர்த்து என்று யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டார்கள். அடுத்து, சனிக்கிழமை வந்தால் ஸ்ரீபுரம் தங்கக் கோவிலுக்கு வருகிற கூட்டத்துக்காக எங்களை ஒரு நாள் வேறு சின்ன அறைக்கு மாறச் சொன்னார்கள். நோயாளியை வைத்துக்கொண்டு மூட்டை முடிச்சோடு எங்கே மாறுவது? மறுத்துவிட்டோம். அன்றிலிருந்து மேனேஜரின் பேச்சே மாறிவிட்டது.

19-ஆம் நாள் காலி செய்தோம். பில் இப்படி வந்தது: மாசம் முழுக்க இருந்தால்தான் 600, இடையில் போனால் நாளுக்கு 950, ஆக 18,050. மூன்றாவது ஆளுக்கு நாளுக்கு 150 வீதம் 2,850. கிச்சன் வாடகை நாளுக்கு 100 வீதம் 1,900. ஏசி மீட்டர் 150 யூனிட், யூனிட்டுக்கு 18 ரூபாய் வீதம் 2,700. மொத்தம் 25,500. கட்டிய 23,000 போக இன்னும் 2,500 கொடுத்தால்தான் ஆதார் கார்டு கிடைக்கும் என்றார்கள். போனில் பேசியபடி என்றால் 19 நாளுக்கு 11,400 ஆகிறது, எனக்கு 11,600 திரும்பி வந்திருக்க வேண்டும். முறையான பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் சேரும்" என்றார். அதுவும் பொய். நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு அப்போது 12 சதவீதம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் அதையும் 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அம்மா வெளியே ஆட்டோவில் காத்திருந்தார். 2,500-ஐக் கொடுத்துவிட்டு, துண்டுச் சீட்டில் எழுதிய கணக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த இடத்தை நானும் அக்காவும் நேரில் அலைந்து பிடித்தோம். போட்டோவைப் பார்க்கவே இல்லை. அங்கே தங்கியிருந்த குடும்பங்களிடம்தான் முதலில் பேசினோம். வராந்தாவில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு வங்காளத்து அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அவர் மொழி தெரியாது. ஆனாலும் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மூட்டைப்பூச்சி உண்டா, கடைசியில் கூடக் காசு கேட்பார்களா என்பதையெல்லாம் கையாலேயே சொல்லிவிட்டார். தரைத்தளம். கழிப்பறையில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி இருக்கிறதா, ராத்திரி வெளிக்கதவைப் பூட்டினால் அவசரத்துக்கு யார் திறப்பார்கள் என்று கேட்டோம். ஒரே ஒரு நாளுக்கு மட்டும் பணம் கட்டித் தங்கிப் பார்த்தோம். ஆஸ்பத்திரி வாசலில் இருந்து அம்மாவை அவர் நடையிலேயே நடக்கவைத்தும் பார்த்தோம். "அஞ்சு நிமிஷ தூரம்" என்பார்கள். அது நம் கால் கணக்கு, நோயாளியின் கால் கணக்கு வேறு.

பிறகு வீட்டுக்கார அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் நானே எழுதி அனுப்பினேன்: நாள் வாடகை 700, மூன்று பேர், கேஸ் சேர்த்து, கரண்ட் யூனிட்டுக்கு இவ்வளவு, இடையில் காலி செய்தாலும் இதே ரேட், நாள் கணக்கு 24 மணி நேரமா, பகல் 12 மணிக்கு முடிவதா என்பது உட்பட எல்லாம். "சரிப்பா" என்று பதில் வந்த பிறகுதான் ஒரு வாரப் பணம் கொடுத்தேன். மீட்டரையும் சுவர்க் கறையையும் பாத்திரங்களையும் அன்றே போட்டோ எடுத்தேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நேர்மையாக நடத்துகிறவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மீதி 23 சிட்டிங்கும் அங்கிருந்துதான் போனோம்.

ஊருக்கு வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். லாட்ஜ் பக்கம் பதிலே இல்லை. வேலூருக்குப் போய் வழக்கு நடத்த நமக்கு ஏது நேரம் என்றுதான் விட்டுவிட இருந்தேன். 2019-ஆம் வருஷச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து இரண்டு வருஷம் வரை நேரம் உண்டு என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். 600 ரூபாய் பேச்சுக்கு என்னிடம் எழுத்து ஆதாரம் இல்லை, அது பலவீனம்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஜிபே ரசீது, அவர்கள் அனுப்பிய மூன்று போட்டோ, நாங்கள் இருந்த ரூமின் போட்டோ, அந்தத் துண்டுச் சீட்டு, நான்கையும் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். ஈரோட்டில் புகார் கொடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.