இன்ஜினியரிங்கா, சி.ஏ.வா?

எங்கள் வீட்டில் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தவர்கள் இரண்டு பேர். அக்கா மகன் பழைய மிக்ஸியைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது இரண்டு ஸ்க்ரூ மீந்துபோனாலும் கவலைப்படாத ஆள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு கட்-ஆஃப் போட்டு கவுன்சலிங்கில் இடம் எடுத்துவிட்டால் இன்ஜினியரிங் நான்கு வருடமும் கூட்டத்தோடு ஓடிவிடும்.

அண்ணன் மகள் வேறு ரகம். கேரம் ஆடினாலும் பாயிண்ட் எழுதும் நோட்டு அவள் கையில்தான். ஆடிட்டர் படிப்பான சி.ஏ. என்கிறாள். முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனில் 4 தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும், அப்புறம் இன்டர், ஆடிட்டரிடம் வேலை பழகும் 2 வருட ஆர்ட்டிகிள்ஷிப், ஃபைனல் (நடுவில் கல்யாணப் பேச்சு எடுக்கும் பெரியம்மாக்கள் வேறு). செலவு குறைவுதான், ஆனால் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. தனியாக உட்கார்ந்து படிக்கும் பொறுமை அவளுக்கு உண்டு. இவனை அங்கே அனுப்பினால் ஒரே மாதத்தில் கால்குலேட்டரைக் கழற்றிவிடுவான்.