முழு வெட்டா, பொறுக்கு வெட்டா? மண்ணுக்குள் இருக்கும் கரியமில வாயுவை வைத்து ஒரு கணக்கு

காட்டின் எல்லா மரங்களையும் ஒரேயடியாகச் சாய்ப்பது முழு வெட்டு. குறித்த மரங்களை மட்டும் எடுத்து மற்றவற்றை நிற்கவிடுவது பொறுக்கு வெட்டு. மண்ணுக்கு எது மேல் என்பதை, வெட்டியபின் தரையிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவை மட்டும் அளந்து தீர்ப்பவர்கள் உண்டு. அங்கேதான் சறுக்கல்.

மண் துளைகளில் உள்ள காற்றில் இந்த வாயு, வெளிக்காற்றைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை அதிகம். உயிருள்ள வேர்களும், சருகையும் மட்கையும் தின்னும் நுண்ணுயிரிகளும்தான் அதை வெளிவிடுகின்றன. வேரின் பங்கு லேசானதல்ல. வட சுவீடனின் பைன் காடொன்றில் மரப்பட்டையை வளையமாக உரித்து, இலையில் உருவாகும் சர்க்கரை வேருக்கு இறங்காமல் தடுத்தார்கள். ஓரிரு மாதங்களில் மண்ணின் சுவாசம், அதாவது தரையிலிருந்து வெளியேறும் இந்த வாயுவின் அளவு, 54 சதவீதம் வரை சரிந்ததாக 2001இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

முழு வெட்டில் வேர்கள் செத்து அந்தப் பங்கு அடங்கிவிடுகிறது. மறுபக்கம், நேர் வெயிலில் மண் சூடேறுகிறது. உறிஞ்ச மரமில்லாததால் ஈரமும் தங்குகிறது. செத்த வேரும் கழித்துப்போட்ட கிளைகளும் நுண்ணுயிரிகளுக்கு விருந்து. ஆகவே மொத்த அளவு ஏறலாம், இறங்கலாம், அசையாமலும் இருக்கலாம். இறங்கிய எண்ணைப் பார்த்து மகிழ்வது, வரவு நின்றதைக் கவனிக்காமல் செலவு குறைந்ததென்று களிப்பதற்குச் சமம். ஒளிச்சேர்க்கையும் இல்லை, புதுச் சருகும் இல்லை. இளங்கன்றுகள் தலையெடுக்கும்வரை அந்த நிலம் கார்பனை இழந்துகொண்டிருக்கும். மிதவெப்பக் காடுகளில் மரம் வெட்டியபின் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, சருகுப் படலத்தில் சராசரியாக 30 சதவீதக் கார்பன் குறைந்திருந்தது. அடியிலுள்ள கனிம மண்ணில் பெரிய மாற்றமில்லை.

பொறுக்கு வெட்டில் நிழல் மிஞ்சுகிறது, சருகு விழுவது நிற்பதில்லை, அண்டை மரங்களின் வேர்கள் இடைவெளிக்குள் புகுகின்றன. என் ஓட்டு இதற்கே, ஒரு நிபந்தனையோடு. அதே அளவு மரத்துக்கு அதிகப் பரப்பில், சில ஆண்டுகளுக்கொருமுறை திரும்பத் திரும்ப நுழைய வேண்டியிருக்கிறது. ஈரமண்ணில் கனரக வண்டி ஏறினால் துளைகள் நசுங்கும். வாயு வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும், ஆக்சிஜன் இறங்காது, வேர் திணறும். மீத்தேனை உட்கொண்டிருந்த மண்ணே அதை வெளிவிடவும் தொடங்கலாம். அந்தத் தடத்தின்மேல் கருவியை வைத்தாலோ, இங்கும் குறைந்த எண்ணே வரக்கூடும்!

வண்டித்தடங்களை நிலையாக வகுத்து, மண் காய்ந்த நாட்களில் மட்டும் இறங்க வேண்டும். தாறுமாறாக வண்டி ஓடிய பொறுக்கு வெட்டைவிட, கிளைகளை அங்கேயே விட்டு உடனே கன்று நட்ட முழு வெட்டுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.