இரவை ஷிப்ட் போட்டுப் பிரிப்பதா, மூச்சுப் பயிற்சியா? கைக்குழந்தை வீட்டுக்கான ஒப்பீடு

கைக்குழந்தையோடு திணறும் பெற்றோருக்கு வழக்கமாக இரண்டு யோசனைகள் சொல்லப்படும். மூச்சுப் பயிற்சி, தியானம் என்று மனதை அமைதிப்படுத்துவது ஒன்று. இரவைக் கணவனும் மனைவியும் ஷிப்ட் போட்டுப் பிரித்துக்கொள்வது இன்னொன்று. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரைக்குமாவது என் ஓட்டு ஷிப்டுக்குத்தான்.

மூச்சுப் பயிற்சிக்குக் காசும் வேண்டாம், இடமும் வேண்டாம். நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். வெளிவிடும் மூச்சு நீள நீள இதயத் துடிப்பு தணியும், படபடப்பு இறங்கும். ஆனால் அரைகுறைத் தூக்கத்தில் பல நாள் ஓட்டியவருக்கு அந்த நிம்மதி அடுத்த அழுகைவரைதான். பயிற்சி செய்ய வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதும் களைத்துப்போனவர் தலையிலேயே விழுகிறது.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது இடையில் அறுபடாத தூக்கம். லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று ஒரு முறை சுழன்று முடிவது ஒரு தூக்கச் சுற்று. பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 90 நிமிடம். பிறந்த குழந்தையோ 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கேட்கும். பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, மறுபடி தூங்கவைக்க முக்கால் மணி நேரம் போய்விடும். மிஞ்சும் நேரத்தில் ஒரு சுற்று முழுதாக முடிந்தாலே பெரிது. காலையில் கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரம் வரும். உடம்போ தூங்காத உடம்பாகவே இருக்கும். எரிச்சல், மறதி, சின்ன விஷயத்துக்கும் பொங்கும் அழுகை எல்லாம் அதன் விளைவு. ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் கிடைத்தால் மூன்று சுற்று முடியும்.

நடைமுறை இப்படி: 9 மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அம்மா வேறு அறையில் படுக்க வேண்டும். 2 மணிவரை அப்பா பொறுப்பு. 2 முதல் 7 வரை அவர் தூங்கலாம். இடைப்பட்ட வேளைக்குப் பகலில் எடுத்த தாய்ப்பால். 25 டிகிரி வரையுள்ள அறையில் அது 4 மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் 4 நாள். நம் ஊர் வெயிலுக்கு எடுத்த கையோடு ஃப்ரிட்ஜில் வைப்பதே சரி. மைக்ரோவேவில் சுட வைக்கக் கூடாது. ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் குளிர்ந்தே இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கி, பாலாடையில் புகட்டலாம்.

முதல் ஆறு வாரம் மட்டும் இதை அப்படியே செய்யக் கூடாது. பால் சுரப்பு நிலைப்படாத அந்தக் காலத்தில் ஐந்து மணி நேரம் விட்டால் பால் கட்டிக்கொள்ளும், காய்ச்சலும் வரலாம். குழந்தையைத் தூக்கிவந்து தருவது, ஏப்பம், டயப்பர், தூங்கவைப்பது எல்லாம் அப்பா பார்த்துக்கொண்டால், அம்மா விழித்திருக்கும் நேரம் பாதியாகக் குறையும். அந்த ஆறு வாரத்துக்கு அதுவே பெரிய உதவி.

இது குலைவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: "டயப்பர் எங்க?" என்று கேட்க நள்ளிரவில் அம்மாவை எழுப்புவது. சாயங்காலமே ஒரு கூடையில் டயப்பர் நாலு, மாற்றுத்துணி இரண்டு, பாலாடை, வெந்நீர் ஃபிளாஸ்க் வைத்துவிட்டால் அந்தக் கேள்வி எழாது. "ஆபீஸ் போற பையனை எழுப்பாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவருக்கும் அதே ஐந்து மணி நேரம் கிடைக்கிறது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கணவர் வெளிநாட்டில் இருந்தால், அல்லது அவருக்கு நைட் ஷிப்ட் என்றால், பாட்டியோ சித்தியோ 9 முதல் 1 வரை பார்த்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு இரவு கிடைத்தாலும் தேறும். யாருமே இல்லாதவருக்கு இந்த வழி அவ்வளவாகப் பொருந்தாது. பகலில் இரண்டு மணி நேரம் ஆயா வைக்க முடிந்தால், அந்த நேரத்தில் துணி துவைக்காமல் தூங்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சிக்கு விட்டுக்கொடுக்கவே முடியாத ஓர் இடம் உண்டு. அழுகை நிற்காமல், கை ஓங்கும் அளவுக்குக் கோபம் ஏறும் நேரம் அது. குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, அறையை விட்டு வெளியே வந்து, ஐந்து பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்துவிட்டுத் திரும்பிப் போகலாம். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தக் கசிவு ஏற்படலாம், உயிரே போகலாம்.

ஷிப்ட் போட்டும், அமைதியான அறை கிடைத்தும் தூக்கம் வரவில்லை, இரண்டு வாரமாகியும் மனம் கனத்தே இருக்கிறது என்றால் இரண்டு வழியும் போதாது, மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். காதில் குரல் கேட்பது, குழந்தைக்கோ தனக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வருவது என்றால் போனோடு நிற்காமல், துணைக்கு ஆளோடு உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.